என்ன புழு என்று கேட்பேன்

ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்தால் போதும்,
முக்கூடல் ஆஸ்பத்திரி நடையில்
சொறிகிற வரிசை ஒன்று நீளும்.
கழுத்து, முழங்கை மடிப்பு, பனியன் ஓரம்.
டாக்டர் சீட்டில் ‘பூச்சிக்கடி’ என்று எழுதி அனுப்பிவிடுவார்.
எனக்கு அது போதாது.
மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குள் இருந்து
என்ன புழு என்று கேட்பேன்.

“புழுன்னா புழுதான். முடி இருந்துச்சு.”
என்ன நிறம்?
“அத யாரு பாத்தா, உதறி விட்டேம்லா.”
எந்த மரத்தில்?
மரம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

முருங்கை என்றால் பாதி வேலை முடிந்தது.
பகலெல்லாம் தூரில் அப்பிக்கொண்டு
நனைந்த சாக்குப்போல் ஒன்றாய்க் கிடக்கும்,
ராத்திரி ஏறி இலை தின்னும்.
கடிக்காது. முடிதான் தைக்கும்.
தேய்க்காதீர்கள்,
செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிடுங்குங்கள்,
சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு
இந்த ரோஸ் கலர் தண்ணியைத் தடவுங்கள்.

பந்தம் கட்டிக் கொளுத்திய ஞானதிரவியம்
மறுநாள் வீங்கின கண்ணோடு வந்தார்.
புழு செத்தாலும் முடி சாகாது.
புகையோடு ஏறிப்போய்
அடுத்த வீட்டுக் கொடித்துணியில் இறங்கியிருக்கிறது.
அடுத்த வீடும் வந்திருந்தது,
அவருக்குப் பின்னால் வரிசையில்,
அவரோடு பேசாமல்.

ஓலை வெட்டப்போன மாசானமுத்துவுக்கு வேறு.
விரல்கடை நீளம், பச்சை,
முதுகில் நீலக்கோடு, உடம்பெல்லாம் கள்ளிமுள்.
“தேளுன்னுல்லா நெனச்சேன்.”
பாதித் தென்னையிலிருந்து சறுக்கியே வந்துவிட்டார்.
புழு பட்ட கைக்கு ஐஸ் வைத்தோம்,
நெஞ்சுச் சிராய்ப்புக்கு டிடி ஊசி.

எருக்கில் வரிவரியாய் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையும்
உடுத்திக்கொண்டு ஒன்று இருக்கும்.
தாராளமாய்த் தொடலாம்.
எருக்கைத் தின்றால் யாருக்கு நஷ்டம்?
அரளியில் இருக்கிற பெரிய பச்சைக்கு
முன்னால் இரண்டு நீலக்கண்.
கண் இல்லை அது, வெறும் பொட்டு;
பயங்காட்டத் தெரியும், அவ்வளவுதான்.
அதைப் பார்த்துப் பாம்புக்குட்டி என்று
சத்துணவுக் கூடத்தைப் பூட்டி,
சாவியையும் கொண்டுபோய்விட்டார்கள் ஒருநாள்.

மக்காச்சோளக் குருத்துக்குள் இருப்பதற்கு
நெற்றியில் கவட்டையைக் கவிழ்த்ததுபோல் ஒரு கோடு.
முடி இல்லை, முள் இல்லை,
உள்ளங்கையில் விட்டுப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை.
ஆலங்குளம் ரோட்டுச் செல்லப்பாண்டி
சொறிந்துகொண்டு வரவில்லை.
தூக்கம் வரவில்லை, மாத்திரை இருக்கா என்றார்.
ரெண்டு ஏக்கர், குருத்தெல்லாம் சல்லடை,
உரக்கடைப் பாக்கி.
டாக்டரைப் பார்க்காமல் தர முடியாது என்றேன்.
டாக்டரைப் பார்க்காமலே போனார்.

பொட்டல்புதூர் மைதீன் பாத்து
ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாலு கொண்டுவந்தாள்.
முதலில் காக்கா எச்சம் என்றுதான் நினைத்தாளாம்.
“கறிவேப்பிலை மொட்டையாப் போச்சு சார். ஒரே ஒரு செடி.
இது கடிக்குமா? கொல்லவா?”
பென்சிலால் மெல்லத் தொட்டேன்.
தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கவை நீட்டி
அழுகின நாரத்தங்காய் வாடை விட்டது.
“அட கள்ளப்பய புள்ள” என்று சிரித்தாள்.
கடிக்காது; வளர்ந்த மரம் தாங்கும், கன்று தாங்காது.
ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எலுமிச்சை நிற்கிறது,
விட்டுவிட்டுப் போ என்றேன்.

அடுத்த மாதம் பிரஷர் மாத்திரைக்கு வந்தவள்
மாத்திரையைக் கேட்கவில்லை முதலில்.
“எங்க அந்த நாலும்?”
ஒன்றைக் கரிச்சான் கொத்தியதை நானே பார்த்தேன்.
ஒன்று கூடு கட்டியது; அதில் ஓட்டை போட்டு
வெளியே வந்தது குளவி.
ஒன்றின் கூடு காலியாய் இருந்தது,
அன்றைக்கு நான் லீவு.
நாலாவது தெரியவில்லை.
பீடிக்கட்டு எண்ணுகிற புகையிலை விரலை
ஒவ்வொன்றாய் மடக்கிக் கேட்டாள்.
சுண்டுவிரலை மட்டும் மடக்காமல் வைத்திருந்தாள்.

போகும்போது ஜன்னலில் ஒரு கொத்து வைத்தாள்,
துளிர்த்துவிட்டதாம் செடி.
வீட்டில் அன்று ரசம்.
தாளிக்குமுன்
ஒவ்வோர் இலையாய்த் திருப்பிப் பார்த்தேன்.